கடக்க முயன்றவர்

‘திண்டிவனம் அடுத்த ஒலக்கூர் அருகே சாலையைக் கடக்க முயன்ற முதியவர், அடையாளம் தெரியாத வாகனம் மோதி சம்பவ இடத்திலேயே உயிரிழந்தார்.’

தமிழில் மிக அதிகமாக எழுதப்பட்ட வாக்கியங்களில் இது ஒன்றாக இருக்கும். ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு அச்சிறுப்பாக்கம், விக்கிரவாண்டி, உளுந்தூர்பேட்டை என்று எதைப் போட்டாலும் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும். முதியவருக்குப் பதில் மூதாட்டி, கூலித் தொழிலாளி, பள்ளி மாணவன். நானும் பல வருஷம் டீக்கடைப் பேப்பரில் இதன் மேல் கண்ணை ஓட்டிவிட்டு அடுத்த பக்கம் புரட்டியவன்தான். என் பெரியப்பா இந்த வாக்கியத்துக்குள் போன பிறகுதான் நின்று படித்தேன்.

பெரியப்பாவைப் பற்றி எழுத உட்காரவில்லை. ஒரு கவிதையைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்ப்போமே, அப்படி இந்த வாக்கியத்தைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக இருந்தது. நடக்கிறவருக்கும் சைக்கிளில் போகிறவருக்கும் நம் சாலைகளில் ஏன் தனியாக ஒரு பாதை இல்லை என்று கேட்டால் பொறியாளர்கள் நிலமில்லை, நிதியில்லை என்பார்கள். நிலமும் நிதியும் எட்டு வழிக்குக் கிடைக்கும்போது இதற்கு மட்டும் ஏன் இல்லை என்பதற்கான பதில் நம் மொழியிலும் நாம் கொண்டாடுகிற கதைகளிலும் இருக்கிறதோ என்பது என் சந்தேகம்.

முதலில் ‘கடக்க முயன்ற’. தமிழில் யார் யார் முயல்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். தப்பிக்க முயன்ற கைதி, திருட முயன்ற வாலிபர், தற்கொலைக்கு முயன்ற பெண். செய்யக் கூடாததைச் செய்யப் போகிறவர்தான் செய்தித்தாளில் முயல்கிறார். பெரியப்பா அந்த இடத்தில் நாற்பது வருஷமாக, காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, சைக்கிள் கேரியரில் பால் கேனைக் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போய் வந்தவர். அவர் எதையும் முயலவில்லை. பால் ஊத்தப் போனார். சாலைதான் நடுவில் வந்து அகலமாகி, அவருடைய தினசரி வேலையை ஒரு முயற்சியாக மாற்றியது.

அடுத்தது ‘அடையாளம் தெரியாத வாகனம்’. மோதியது வாகனம். ஓட்டியவர் வாக்கியத்திலேயே கிடையாது. இதே செய்தி நடையில் வண்டி நிலைதடுமாறும், கட்டுப்பாட்டை இழக்கும், தறிகெட்டு ஓடும். இறந்தவருக்குக் கிடைக்காத மன உணர்ச்சியெல்லாம் வண்டிக்குக் கிடைக்கும். இது வெறும் நடை விஷயம் இல்லை. அடையாளம் தெரியாத வாகனம் என்பது சட்டத்தில் ஒரு பிரிவு. அப்படி இறந்தால் குடும்பத்துக்கு முன்பெல்லாம் 25,000 ரூபாய். 2022 ஏப்ரலில் இருந்து 2 லட்சம். அந்த இரண்டு லட்சத்துக்கு என் அண்ணன் எத்தனை படி ஏறி இறங்கினான் என்பது தனிக் கதை, அதை விடுவோம்.

‘அடுத்த’, ‘அருகே’ என்ற இரண்டு சொற்களும் எனக்கு முதலில் உறுத்தவில்லை. பிறகுதான் உறுத்தியது. திண்டிவனத்தை அடுத்த ஒலக்கூர், ஒலக்கூருக்கு அருகே எங்கள் ஊர். செத்த இடத்துக்குப் பெயரே இல்லை. நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு எங்கள் ஊர் எப்படித் தெரியுமோ, அந்தக் கண்ணால் எழுதப்பட்ட வாக்கியம் இது. காருக்குள் உட்கார்ந்து எழுதியது.

பழைய சாலையை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். ஜி.எஸ்.டி. ரோடு என்று எல்லோரும் சொல்கிற சென்னை–திருச்சி சாலை. செங்கல்பட்டுக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே அது நான்கு வழியானது 2000களில். அதற்கு முன் இரண்டு பக்கமும் புளியமரம். அடிமரத்தில் வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை அடித்து நம்பர் போட்டிருப்பார்கள். தாருக்கும் மரத்துக்கும் நடுவில் மண் தரை. புல்லுக்கட்டு தூக்கிய பெண்கள், மாடு, சைக்கிள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோரும் அந்த மண்ணில்தான் போவார்கள். பஸ்ஸோ லாரியோ அங்கே இறங்காது. இறங்கினால் மரம் நிற்கும். இன்றைக்கு நகரத் திட்டக்காரர்கள் தடுப்பு வைத்துப் பிரிக்கப்பட்ட மிதிவண்டித் தடம் என்று படம் போட்டுக் காட்டுகிறார்களே, அதை அந்தக் காலத்துப் புளியமரம் சும்மா நின்றே செய்தது. கூடவே நிழலும் கொடுத்தது.

பழைய சாலையைச் சொர்க்கமாக்க எனக்கு ஆசை இல்லை. ஓவர்டேக் எடுக்கப் போய் எதிர் எதிரே மோதிக்கொண்டதும், புளியமரத்தில் கார் அப்பளமானதும் அங்கே வாடிக்கை. நடுவில் தடுப்பு வைத்துச் சாலையைப் பிரித்ததில் வண்டிக்குள் இருந்தவர்கள் பலர் பிழைத்திருப்பார்கள். ஆனால் அகலப்படுத்தியபோது மரத்தோடு சேர்த்து அந்த மண் தரையும் போனது. மரம் போனதற்கு அழுத பலரைத் தெரியும். அந்த நான்கடி மண் போனதற்கு அழுதவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ (1966) சந்தியில் நின்ற ஒரு மரத்தை வைத்துக்கொண்டு ஒரு நகரத்தின் பேராசையைச் சொன்னது. வளர்ச்சி என்ற பெயரில் ஒரு பொது இடம் யார் யார் கைக்குப் போகிறது என்பதை நம் மொழியில் அவ்வளவு நுட்பமாகக் காட்டிய நாவல் குறைவு. ஆனால் அதைப் படித்துவிட்டு நாமெல்லாம் எடுத்துக்கொண்டது மரத்தைத்தான். வெட்டப்பட்ட மரத்துக்கு இரங்கற்பா எழுதும் பழக்கம் நமக்கு நன்றாக வந்துவிட்டது. மரத்தடியில் நடந்தவர் அடுத்து எங்கே நடப்பார் என்று கேட்கும் பழக்கம் வரவில்லை. இது நாவலின் குறை இல்லை, வாசித்த நம்முடைய குறை.

சினிமாவுக்கு வருவோம். இந்தச் சாலையைப் பற்றித் தமிழில் வந்த முக்கியமான படம் ‘எங்கேயும் எப்போதும்’ (2011). எம். சரவணன் இயக்கியது. சென்னையிலிருந்து திருச்சிக்கு ஒரு பேருந்து, திருச்சியிலிருந்து சென்னைக்கு ஒரு பேருந்து, நடுவில் மோதல். அந்த இரண்டு பேருந்துகளும் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போயாக வேண்டும் என்பதால் எனக்கு அந்தப் படத்தின் மேல் ஒரு சொந்த பாத்தியதை உண்டு. எனக்குப் பிடித்த படமும்கூட. செய்தித்தாள் ‘பயணிகள்’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறவர்களுக்கு அது பெயரும் காதலும் வெட்கமும் கொடுத்தது. தமிழ்ப் படங்களில் விபத்து என்பது கதாசிரியருக்கு ஒரு பாத்திரம் தேவைப்படாமல் போகும்போது வரும் வசதி. அதை ஒரு படத்தின் மையமாக வைத்ததே பெரிய காரியம்.

ஆனால் மறுபடி பார்த்தபோது ஒன்று இடித்தது. அந்தச் சாலையில் பெயரும் கதையும் உள்ள எல்லோரும் வண்டிக்குள் இருக்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே ஓடுகிற ஊர்கள் பின்னணி மட்டும். படம் நம்மிடம் கேட்பது கவனத்தை, வேகக் குறைப்பை. அதாவது ஓட்டுநரின் ஒழுக்கத்தை. சாலை ஏன் இப்படிப் போடப்பட்டிருக்கிறது என்ற கேள்வியே எழவில்லை. சாலை அதில் நிரபராதி. பார்த்துவிட்டு வெளியே வந்த நாங்கள் எல்லோரும் கண் கலங்கி, பைக்கை மெதுவாக ஓட்டுவது என்று முடிவு செய்தோம். அந்த முடிவு மயிலம் ரோடு திரும்பும் வரைக்கும் இருந்தது.

‘கர்ணன்’ (2021) இந்த இடத்தில் வெகுதூரம் முன்னே போகிறது. சாலையில் விழுந்து கிடக்கும் சிறுமியைக் கடந்து வண்டிகள் போய்க்கொண்டே இருக்கும் அந்தத் தொடக்கத்தில், வெளியே நிற்பவரின் கண்ணில் இருந்து சாலை முதல்முறையாகத் தெரிகிறது. தார் போட்டிருக்கிறது, பஸ் வருகிறது, நிற்காது. நிறுத்தம் இல்லாத ஊர் அது. நிறுத்தம் ஏன் இல்லை என்பதற்குச் சாதியைத் தவிர வேறு காரணம் இல்லை. ‘ஓரமா போ’ என்ற சொல்லை நம் சாலைகளில் யார் யாரைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள் என்று யோசித்தால், அந்த ஓரத்தை அகலப்படுத்துவது பொறியியல் வேலை மட்டும் இல்லை என்று விளங்கும். மாரி செல்வராஜுக்கு அது விளங்கியிருக்கிறது.

மற்ற படங்கள்? பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ அப்பாவும் பையனும் வெயிலில் நடக்கும் படம். ராட்டர்டாமில் 2021இல் டைகர் விருது வாங்கியது. அதில் நடப்பது ஒரு தண்டனை, ஆபத்து சூரியனும் அப்பாவின் கோபமும். 2024இல் வந்த ‘குரங்கு பெடல்’, ராசி அழகப்பனின் ‘சைக்கிள்’ சிறுகதையை வைத்து கமலக்கண்ணன் எடுத்தது. எண்பதுகளின் கோடை விடுமுறை, வாடகை சைக்கிள், பாருக்குக் கீழே காலை விட்டு மிதிக்கும் பையன். நல்ல படம், என் அண்ணன் பார்த்துவிட்டு இரண்டு நாள் அதையே பேசினான். அந்தப் பையனின் அப்பாவுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது, எங்கேயும் நடந்தே போவார். ஊரில் அவருக்குப் பட்டம் ‘நடராஜா சர்வீஸ்’. தியேட்டரே சிரிக்கிறது. நாம் எல்லோரும் எங்கேயாவது சொன்ன கேலிதான். காலால் போகிறவனை நம் மொழி எப்படி வைத்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ‘பிளாட்பாரம்’ என்ற சொல்லையும் பாருங்கள். நடப்பதற்கான இடம் என்ற அர்த்தம் போய், வீடில்லாதவன், மலிவுச் சரக்கு என்று வசவாகவே நிலைத்துவிட்டது. ‘பாதசாரி’ என்று புனைபெயர் வைத்துக்கொண்ட ஒரு எழுத்தாளர் நமக்கு உண்டு, ‘காசி’ எழுதியவர். அந்தச் சொல்லுக்குத் தமிழில் கிடைத்த பெரிய மரியாதை அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

‘குரங்கு பெடல்’ மேல் எனக்கு இருக்கும் குறை, அது சைக்கிளைக் குழந்தைப் பருவத்தோடு சேர்த்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறது என்பது. சைக்கிள் என்றாலே நமக்கு ஞாபகம். ஒலக்கூர் பக்கம் வந்து விடியற்காலை ஐந்து மணிக்கு நின்றால் அது ஞாபகம் இல்லை, வேலைக்குப் போகிற வண்டி என்று தெரியும். பால், கீரை, சவுக்குத் தோப்பு வேலைக்குப் போகிறவரின் தூக்குவாளி, தர்பூசணி சீசனில் ரோட்டோரக் கடைக்குக் காவலுக்குப் போகிற கிழவர்.

சைக்கிளை ஞாபகமாக அல்லாமல் இயக்கமாகப் பார்த்த ஒரு காலம் நமக்கு இருந்தது. புதுக்கோட்டையில் 1991இல் அறிவொளி இயக்கம், ஆட்சியராக ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளை வாங்கினார்கள். முன்னால் பாரில் குழந்தையை உட்காரவைக்கத் தோதாக இருந்ததால் சிலர் அதையே விரும்பினார்கள். பி. சாய்நாத் இதை எழுதினார். வட இந்தியப் பிள்ளைகள் இந்திப் பாடப் புத்தகத்தில் அதைப் படித்தார்கள், நாம் வாட்ஸப்பில் எப்போதாவது பார்க்கிறோம். அதன் பிறகு 2001இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு அரசு சைக்கிள் கொடுத்தது. சில வருஷத்தில் அரசுப் பள்ளிகளில் பிளஸ் ஒன் படிக்கிற எல்லோருக்கும் வந்தது. எனக்கும் ஒன்று கிடைத்தது. அதே காலகட்டத்தில்தான் எங்கள் சாலை நான்கு வழியானது. ஒரு கை சைக்கிள் கொடுத்தபோது இன்னொரு கை அது போகிற மண் தரையை எடுத்துக்கொண்டது. இரண்டும் வேறு வேறு அரசுகள், வேறு வேறு அலுவலகங்கள். தேசிய நெடுஞ்சாலை டெல்லியின் சொத்து. ஊராட்சித் தலைவர் மனு கொடுக்கலாம், அவ்வளவுதான்.

அந்த நெடுஞ்சாலை முழுக்க இரண்டு சக்கரக்காரருக்கு என்று தனித் தடம் இருக்கிற இடம் எனக்குத் தெரிந்து சுங்கச்சாவடிதான். இடது ஓரத்தில் ஒடுக்கமாக ஒன்று விட்டிருப்பார்கள். காசு வசூலிக்க வேண்டாதவனைச் சீக்கிரம் ஒதுக்கிவிட.

மொழிக்கும் பாதைக்கும் என்ன சம்பந்தம், சும்மா வார்த்தையைப் பிடித்துத் தொங்குகிறாய் என்று நண்பர் ஒருவர் சொன்னார். அவருக்கு நெதர்லாந்தைச் சொன்னேன். இன்றைக்கு உலகமே சைக்கிள் தடத்துக்கு அந்த நாட்டைத்தான் காட்டுகிறது. அவர்களும் போருக்குப் பிறகு காருக்காக ஊர்களை இடித்தவர்கள்தான். 1971இல் அங்கே சாலையில் இறந்தவர்கள் ஏறக்குறைய 3,300 பேர், அதில் 400க்கும் மேல் குழந்தைகள். அப்படி இறந்த ஒரு குழந்தையின் அப்பா விக் லாங்கன்ஹோஃப் பத்திரிகையாளர். ‘டி டைட்’ என்ற நாளிதழில் 1972இல் ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பு: ‘குழந்தைக் கொலையை நிறுத்து’. விபத்து என்று எழுதவில்லை, கொலை என்று எழுதினார். அந்தத் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயரானது. பெண்களும் பிள்ளைகளும் தெருவை மறித்தார்கள். அடுத்த வருஷம் வந்த எண்ணெய் நெருக்கடியும் கை கொடுத்தது என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. ஆனாலும் முதலில் மாறியது ஒரு சொல். அந்த அப்பா எழுதத் தெரிந்தவராக இருந்தார்.

நம்மிடம் சொல்லும் சட்டமும் வராமல் இல்லை. சென்னை மாநகராட்சி 2014இலேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று கொள்கை போட்டது. 2019இல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வந்தது. நான் அங்கே நடந்திருக்கிறேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நடை கடை பார்க்கிற நடை. நகரத்தில் சைக்கிள் தடம் பற்றிய பேச்சும் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட் போட்டவர்களை நினைத்துக்கொண்டே நடக்கிறது. டெல்லியில் 2008இல் பேருந்துத் தடத்தோடு சேர்த்து சைக்கிள் தடமும் போட்டார்கள். கார்காரர்களின் சத்தத்தில் சில வருஷங்களில் இடித்தே விட்டார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் தொழிற்சாலைக்கு சைக்கிளில் போனவரின் குரல் எந்தப் பேப்பரில் வந்தது?

கோவை எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடர்ந்த வழக்கில், 2025 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் நடைபாதை என்பது உயிர் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்றது. 21ஆவது பிரிவு. உடைந்த எலும்புகளைப் பார்த்துப் பார்த்து ஒரு மருத்துவர் நீதிமன்றம் போனது எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2022இல் மட்டும் நாட்டில் சாலையில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள். அந்த வருஷம் அதிக விபத்து நடந்த மாநிலம் தமிழ்நாடு, 64,105. இதில் எத்தனை ‘முயன்றவர்கள்’ என்று கணக்கு இல்லை.

எங்கள் ஊருக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் பெரிதாக எதுவும் இல்லை. கூட்டுரோட்டிலிருந்து பள்ளிக்கூடம், ஸ்டேஷன், சொசைட்டி வரை அறுபடாமல் இரண்டு பக்கமும் ஒரு சர்வீஸ் ரோடு. அதன் ஓரம் மரம் வைத்துப் பிரித்த ஒரு தடம். தண்ணீர் தேங்காத, விளக்கு எரிகிற, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகக்கூடிய சரிவுள்ள ஒரு கீழ்ப்பாதை. தயவுசெய்து நடை மேம்பாலம் வேண்டாம். காரில் இருப்பவர் பிரேக்கைத் தொடக் கூடாது என்பதற்காக எழுபது வயதுக்காரர் பால் கேனோடு மாடி ஏறி இறங்க வேண்டும் என்பது யாருடைய வசதி? மேம்பாலம் இருக்கிற ஊர்களில் போய்ப் பாருங்கள், அதற்குக் கீழேயே சென்டர் மீடியனில் அரளிச் செடிகளை விலக்கிக்கொண்டு ஓர் ஒத்தையடிப் பாதை போகும். கம்பி போட்டு அடைப்பார்கள், ஒரு மாதத்தில் பக்கத்தில் இன்னொன்று விழும். எங்கே கடக்க வேண்டும் என்பதற்கு அதைவிடத் தெளிவான வரைபடத்தை எந்தப் பொறியாளரும் போட முடியாது. எங்கள் ஊர் அரளியிலும் ஒன்று இருக்கிறது. பாதி பெரியப்பா போட்டது.

அந்தச் செய்தி வாக்கியத்தை நானே திருத்தி எழுதிப் பார்த்தேன். ‘நாற்பது வருஷமாகத் தினமும் இரண்டு தடவை சாலையைக் கடந்துவந்த ஒரு விவசாயி, அவர் கடப்பதற்கு இடம் விடாமல் அகலப்படுத்தப்பட்ட சாலையில், நிற்காமல் போன ஒருவர் ஓட்டிய வண்டியால் கொல்லப்பட்டார்.’ நீளம்தான். பத்திரிகையில் வேலை பார்க்கும் நண்பருக்கு அனுப்பினேன். ‘ஒலக்கூர் அருகேன்னு போடலையேடா, எடிஷன் டெஸ்க்குல கேப்பாங்க’ என்று பதில் வந்தது.

பெரியப்பாவின் பேத்திக்கு இந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் சைக்கிள் கொடுத்தார்கள். போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது நெடுஞ்சாலையில் ராங் சைடில், வெள்ளைக் கோட்டுக்கு வெளியே சரளையில் மிதித்துக்கொண்டு வந்தாள். எனக்குப் பகீரென்றது. வீட்டுக்கு வந்ததும் ஏன் இப்படி வருகிறாய் என்று கத்திவிட்டேன். அவள் செருப்பைக் கழற்றியபடியே, ‘அந்தப் பக்கம் போனா யூ டர்னுக்கு ரொம்ப தூரம் போணும் சித்தப்பா. அதுவும் வண்டி முதுகுக்குப் பின்னாடி வரும், தெரியாது. இந்தப் பக்கம்னா மூஞ்சிக்கு நேரா வரும். பார்த்து இறங்கிக்குவேன்’ என்றாள்.